பூவாறு பொழியில படகு கட்டி சவாரி தொழில் தொடங்குறது எப்படி: படகு வாங்குறதுக்கு முன்னாடி இருந்து முதல் மழைக்காலம் வரைக்கும்

கன்னியாகுமரி மாவட்டத்துல கொல்லங்கோடு, நித்திரவிளை, ஊரம்பு பக்கத்துல இருந்து கேரளாவுல உள்ள பூவாறுக்கு போய் படகு தொழில் பண்ணணும்னு கிளம்புற ஆளுங்க வருஷா வருஷம் கூடிட்டே வாறாங்க. முக்காவாசி பேரு கல்ஃப்ல இருந்து திரும்பினவங்க, கையில கொஞ்சம் பைசா இருக்கும், படகு ஓட்டவும் சுமாரா தெரியும். ஆனா எல்லாரும் முதல்ல படகை வாங்கிடுறாங்க, அதுக்கு பொறவு தான் எங்க கட்டுறது, யாருகிட்ட லைசென்ஸ் வாங்குறதுன்னு அலையுறாங்க. படகு வாங்குறது நாலாவது வேலை. அதுக்கு முன்னாடி மூணு வேலை இருக்கு, அந்த மூணும் முடியாம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

1. முதல்ல தண்ணிய பாருங்க

நெய்யாறு கடல்ல சேருற இடத்துல மணல் திட்டு வந்து அடைச்சு கிடக்கும், அது தான் பொழி. மழை வந்து ஆத்துல தண்ணி ஏறினா திட்டு உடையும், இல்ல ஜேசிபி வச்சு வெட்டி விடுவாங்க, மழை குறைஞ்சா கடல் மறுபடியும் மணலை தள்ளி மூடிடும். அதனால இங்க ஏத்த வத்து (கடல் தண்ணி ஏறுறது, இறங்குறது) கணக்கு மட்டும் பாத்தா பத்தாது. கடல்ல ஏத்தத்துக்கும் வத்துக்கும் உள்ள வித்தியாசம் நம்ம கரையில ஒரு மீட்டருக்குள்ள தான், அமாவாசை பௌர்ணமி ஒட்டி கொஞ்சம் கூடும். ஆனா பொழி அடைஞ்சு கிடக்கும்போது காயல் (பொழிக்கு உள்பக்கம் தேங்குற தண்ணி) கொஞ்சம் கொஞ்சமா நிறைஞ்சுட்டே போகும், உடைஞ்ச அன்னிக்கு சில மணி நேரத்துல மளமளன்னு இறங்கும், அந்த இறக்கம் சாதாரண வத்தை விட ரொம்ப பெருசு, ஒழுக்கும் (நீரோட்டம்) கடலை பாத்து ஒரே இழுப்பா இருக்கும்.

பொழி வெட்டின மறுநாள் காலையில கரையோரமா ஒரு நடை போய் பாருங்க. நேத்து சாயங்காலம் கயிறை இறுக்கி கட்டிட்டு போன படகு ஒண்ணாவது குத்துக்கால்ல (கயிறு கட்ட அடிச்ச தூண்) தொங்கிட்டு கிடக்கும், ஒரு பக்க விளிம்பு வானத்தை பாத்து, மறுபக்கம் சேத்துல குத்தி, எஞ்சினோட பாதி மணலுக்குள்ள. கயிறு அறுந்திருந்தா படகு அங்கேயே இருக்காது.

அதனால செய்ய வேண்டியது: ஒரு நீள மூங்கில்ல பெயிண்ட்ல பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்க, நீங்க மனசுல வச்சிருக்கிற இடத்துல ஆழத்தை அளந்து நோட்டுல எழுதுங்க, தேதியும் திதியும் நேரமும் சேத்து. பொழி அடைஞ்சிருக்கும்போதும் திறந்திருக்கும்போதும் ரெண்டு நிலையிலயும் அளவு இருக்கணும், மழைக்கு முன்னாடியும் மழையிலயும் இருக்கணும். இதை எழுதி வைக்காம யாராவது "இங்க எப்பவும் ஆளு ஆழம் உண்டு"ன்னு சொன்னா நம்பாதீங்க, அவரு பாத்தது நிறைஞ்சு கிடக்கிற நாள்ல.

கரையில வலை காய வைக்கிற பெரியவங்ககிட்ட சாயா வாங்கி குடுத்து கேளுங்க. எங்கிட்ட ஒருத்தர் சொன்னது: "மக்கா, தண்ணி நிக்கிறத பாத்து கட்டாத, தண்ணி போறத பாத்து கட்டு." இதுக்கு மேல நல்ல பாடம் எந்த ஆபீசுலயும் கிடைக்காது.

இன்னும் ரெண்டு விஷயம் பாக்கணும். ஒண்ணு நெய்யாறு அணை. மலையில மழை பிடிச்சா ஷட்டரை இத்தனை சென்டிமீட்டர் தூக்கியிருக்குன்னு அறிவிப்பு வரும், வந்தா அன்னிக்கு ராத்திரி தென்னந்தடியும் குளவாழையும் (ஆகாயத்தாமரை) குப்பையும் சேந்து ஒழுகி வரும். 2004-ல கேரளா நிறுத்தினதுல இருந்து விளவங்கோடு வயலுக்கு வராத நெய்யாறு தண்ணி படகுக்காரனை தேடி மட்டும் கரெக்டா வந்துரும்.

ரெண்டாவது கள்ளக்கடல். காத்தே இல்லாம, வானம் தெளிஞ்சு கிடக்கும்போது, தூரத்து தெக்கு கடல்ல இருந்து வர்ற நீள அலை, ஏப்ரல் மே மாசத்துல அதிகம். 2024 மே மாசம் ராஜாக்கமங்கலம் பக்கம் லெமூர் கடற்கரையில அஞ்சு மருத்துவ மாணவங்களை இழுத்துட்டு போனது இப்படி ஒரு நாள் தான். ஹைதராபாத்ல உள்ள இன்காய்ஸ் (மத்திய அரசோட கடல் தகவல் மையம்) இதுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை குடுக்குது, அதை போன்ல வர்ற மாதிரி வச்சுக்கோங்க. பொழி திறந்திருக்கிற நாள்ல இந்த அலை காயலுக்குள்ளயும் ஏறி வரும்.

2. எந்தக் கரை, யாரோட கரை

தேங்காப்பட்டணத்துல துறைமுகம் இருக்கே, அங்க கட்டினா என்னன்னு கேக்குறவங்க உண்டு. அது மீன்பிடி துறைமுகம், மீன்காரங்களுக்கே இடம் பத்தல, அதோட குழித்துறை தாமிரபரணி முகத்துவாரத்துல மணல் சேந்து சேந்து வள்ளங்கள் கவுந்து உயிர்கள் போயிருக்கு. சுற்றுலா ஆளை ஏத்திட்டு போக வேண்டிய இடமே இல்ல அது.

பாய் விரிக்கிற பெரிய யாட் வச்சிருக்கிறவங்க, இல்ல வாங்க நினைக்கிறவங்க, அவங்களுக்கும் ஒரு வார்த்தை. அடியில கீல் (கீழ நீட்டிட்டு நிக்கிற கனமான பாகம்) உள்ள யாட்டுக்கு ஒன்றரை ரெண்டு மீட்டர் ஆழம் எப்பவும் வேணும், பூவாறு பொழி அதை தராது. கொச்சி போல்காட்டியில கேடிடிசி (கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகம்) நடத்துற மரீனா இருக்கு, அங்க கட்டுங்க. இங்க ஓடுறது தட்டை அடி உள்ள ஃபைபர் படகு தான்.

பூவாறு சுத்துல கரை பாக்கும்போது ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயையும் சேத்து பாருங்க. பூவாறு கடற்கரையில இருந்து இரயுமன்துறை பாலம் வரைக்கும் உள்ள 11 கிலோமீட்டரை 2016 சட்டத்துல தேசிய நீர்வழி 13-ன்னு எழுதி வச்சிருக்காங்க. சட்டத்துல தான், நேர்ல போனா பல இடத்துல பாசியும் சேறும் தான். ஆனா பூவாறு பக்கம் உள்ள நல்ல பகுதியில ஒழுக்கு குறைவு, ராத்திரி படகு கட்ட ஆத்துமுகத்தை விட பத்திரம். ஆளை ஏத்துறது ஒரு இடம், ராத்திரி கட்டுறது வேற இடம்னு பிரிச்சுக்கிட்டா பாதி பிரச்சனை தீரும். புதுசா வர்றவங்க ரோட்டுக்கு பக்கத்துல இருக்குன்னு ஒரே இடத்துல ரெண்டையும் வச்சு மாட்டிக்கிறாங்க.

கரையில நெலம் வாடகைக்கு எடுத்தா தண்ணியும் உங்களுதுன்னு அர்த்தம் இல்ல. ஆத்து ஓரம் புறம்போக்கு, அதுல குத்துக்கால் அடிக்கவோ ஜெட்டி கட்டவோ அனுமதி வேணும், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியும் உண்டு. கண்டல் காடு (அலையாத்தி காடு) நிக்கிற இடத்துல ஒரு கொப்பு கூட வெட்டாதீங்க, 2019 அறிவிப்புப்படி ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல கண்டல் இருந்தா அதை சுத்தி 50 மீட்டர் வரைக்கும் பாதுகாப்பு பகுதி. எங்க வாடகை ஒப்பந்தம் போட்டாலும் "படகு கட்டிக்கொள்ள, ஆள் ஏற்றி இறக்க" அப்படின்னு எழுத்துல வாங்குங்க, வெறும் "கடை நடத்த"ன்னு இருந்தா பக்கத்து ரிசார்ட்டுக்காரர் ஒரு நாள் வந்து கயிறை அவுத்து விட்டா கேக்க வழி இல்ல.

3. காகித வேலை

இதுல தான் ஆளுங்க பொறுமை இழக்குறது. உள்நாட்டு நீர்ப்படகு சட்டம் 2021-ல மாறியிருக்கு, 1917-ல போட்ட பழைய சட்டம் போயாச்சு. எஞ்சின் வச்சு ஆளை ஏத்துற படகுக்கு சர்வே சர்டிபிகேட், ரெஜிஸ்ட்ரேஷன், மூணாம் தரப்பு இன்சூரன்ஸ், ஓட்டுறவனுக்கு தகுதி சர்டிபிகேட், இந்த நாலும் கட்டாயம். பூவாறு கேரளாங்கிறதால கேரள மாரிடைம் போர்டோட துறைமுக ஆபீசுக்கு போகணும். புது சட்டத்துல ஒரு மாநிலத்துல பதிஞ்சது நாடு முழுக்க செல்லும், அதனால நம்ம விலாசம் தமிழ்நாடுன்னு யாராவது பயமுறுத்தினா பயப்படாதீங்க.

வரிசை முக்கியம். புது படகு கட்டுறதா இருந்தா வரைபடத்தை முதல்ல குடுத்து ஒப்புதல் வாங்கணும், பொறவு தான் யார்டுல வேலை தொடங்கணும், கட்டும்போதே சர்வேயர் வந்து பாக்கணும். படகை முடிச்சு பெயிண்ட் அடிச்சு மாலை போட்டுட்டு ஆபீசுக்கு போனா உள்ள என்ன இருக்குன்னு அவங்க எப்படி பாப்பாங்க? படகு கவுறாம நிக்குமான்னு பாக்குற சாய்வு சோதனையில தோத்தா மேல் தட்டை பிச்சு எறிய வேண்டி வரும்.

பழைய மீன் வள்ளத்தை வாங்கி சீட் போட்டு ஓட்டிக்கலாம்னு ஐடியா குடுக்குறவங்க நிறைய பேரு. 2023 மே 7-ந் தேதி மலப்புறம் தானூர்ல 22 பேரு செத்தாங்களே, அது மீன் படகை மாத்தி கட்டினது தான், அதுல ஏத்த வேண்டியதை விட ரொம்ப கூடுதலா ஆளு வேற, நேரமோ இருட்டின பொறவு. மீன் படகோட எடை வலையும் மீனும் கீழ கிடக்கிறதுக்கு ஏத்த மாதிரி, ஆளுங்க நின்னு ஆடுறதுக்கு இல்ல.

காயலுக்கு வாங்குற சர்டிபிகேட் காயலுக்கு மட்டும் தான். பொழி தாண்டி கடலுக்கு போக சட்டமும் வேற, சர்வேயும் வேற. சவாரிக்கு வர்றவங்க "ஒரு தடவை கடலுக்குள்ள போயிட்டு வாங்கண்ணே"ன்னு கெஞ்சுவாங்க, போனா இன்சூரன்ஸ் அந்த நிமிஷமே செல்லாது.

4. இப்பம் படகு

சின்னதா சொல்லிடுறேன். கண்டல் காட்டு உள் தோடுகள்ல (சின்ன வாய்க்கால்) திரும்பணும்னா நீளம் குறைஞ்ச படகு தான் சரி, தட்டை அடி, அவுட்போர்டு எஞ்சின். மாடி வேண்டாம். 2009 செப்டம்பர் 30 தேக்கடியில 45 பேரு போனது ஞாபகம் இருக்கும், மாடி உள்ள படகுல எல்லாரும் ஒரே பக்கமா நகந்தாங்கன்னு தான் சொன்னாங்க. போட்டோ எடுக்க ஒரு பக்கம் ஓடாத கூட்டம் இன்னும் பிறக்கல, அதனால படகு தான் அதுக்கு ஏத்த மாதிரி இருக்கணும்.

மரப்படகு பாக்க அழகு. உப்பும் நல்ல தண்ணியும் கலந்த இடத்துல கப்பல் புழு மரத்தை உள்ளுக்குள்ள தின்னுடும், வெளிய ஒண்ணும் தெரியாது. அண்டித்தோட்டு எண்ணெய் (முந்திரி ஓட்டு எண்ணெய்) விடாம பூசிட்டே இருக்க ஆளு இருந்தா மட்டும் மரம் வாங்குங்க. எஞ்சினுக்கு ஊருல ஸ்பேர் கிடைக்கிற கம்பெனியா பாருங்க, மணல் கலந்த தண்ணியில வாட்டர் பம்ப் இம்பெல்லர் அடிக்கடி போகும், அது வர பத்து நாள் ஆச்சுன்னா சீசன் போச்சு.

5. கட்டுறது: இதுல அவசரப்படாதீங்க

முன்கூட்டி வேணுங்கிறது: நைலான் கயிறு, துத்தநாகம் பூசின சங்கிலி, அதே வகை ஷாக்கிள் (சங்கிலியை இணைக்கிற பின் போட்ட வளையம்), ஒரு ஸ்விவல் (முறுக்கு விழாம சுழலுற இணைப்பு), போயா (மிதவை), பழைய தண்ணி ஹோஸ், கட்டுக்கம்பி, நாலஞ்சு டயர். பச்சை நீல கலர்ல மலிவா கிடைக்கிற பாலிபுரொப்பிலீன் கயிறு வேண்டாம். அது மிதக்கும், பக்கத்து படகு புரொப்பல்லர்ல சுத்தும், வெயில்ல பொடியும். நைலான் நீண்டு குடுக்கும், இழுப்பு வரும்போது கொக்கி பிடுங்காது.

முதல் படி, அடியில போடுற எடை. காங்கிரீட் கட்டை வார்த்து போடுறவங்க கரையில அதோட எடையை பாத்து திருப்திப்படுறாங்க. தண்ணிக்குள்ள காங்கிரீட் அதோட எடையில கிட்டத்தட்ட நாப்பது சதவீதத்துக்கு மேல இழந்துரும், 300 கிலோ கட்டை உள்ள போனா 175 கிலோ வேலை தான் செய்யும். இரும்பு அவ்வளவு இழக்காது. பழைய லாரி ஆக்சில் சேத்து கட்டிப்போட்டா இன்னும் நல்லது. மணல் அடியா இருந்தா கட்டைக்கு கீழ ஒழுக்கு அரிச்சு சாய்ச்சுடும், அதனால உயரமா இல்லாம தட்டையா அகலமா வார்க்கணும்.

ரெண்டாவது, நீளம். ஆழம் எவ்வளவு, அதோட படகு மூக்கு தண்ணியில இருந்து எவ்வளவு உயரம், அதோட பொழி அடைஞ்சா ஏறுற தண்ணி எவ்வளவு, மூணையும் கூட்டி அஞ்சால பெருக்குங்க. ஆழம் ரெண்டு மீட்டர், மூக்கு 0.8, ஏத்தம் 1.2 அப்படின்னா மொத்தம் 4, கயிறும் சங்கிலியும் சேந்து 20 மீட்டர். ஏன் இவ்வளவுன்னா, கயிறு சாய்வா கிடந்தா தான் இழுப்பு பக்கவாட்டுல வரும், குத்தனையா நின்னா கட்டையை தூக்கிடும்.

ஆனா 20 மீட்டர் கயிறுல ஒரு 8 மீட்டர் படகு சுத்தினா கால்வாய் முழுக்க அது தான் நிக்கும். அதனால ஒத்தை கட்டு வேண்டாம், ஆத்துக்கு மேல் பக்கம் ஒண்ணு, கடல் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு கட்டு போடுங்க. ஏத்தத்துல ஒழுக்கு மேல வரும், வத்துல கீழ போகும், ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டு வேலை செய்யும், படகு இருந்த இடத்துல இருக்கும். எப்பவும் மேல் பக்க கட்டு தான் பெருசா இருக்கணும், ஏன்னா வெள்ளம் வர்றது அங்க இருந்து.

மூணாவது, தேயுற இடம். கயிறு நடுவுல அறாது, படகு விளிம்புல உரசுற இடத்துல தான் அறும். அந்த இடத்துல ஹோஸ் துண்டை மாட்டி ரெண்டு முனையிலயும் கட்டிடுங்க. ஷாக்கிள் பின்னை முறுக்கி விட்டா மட்டும் போதாது, கம்பி போட்டு கட்டணும், இல்லன்னா ஆட்டத்துல தானே கழண்டு விழும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷாக்கிளையும் துத்தநாகம் பூசின சங்கிலியையும் சேத்து போடாதீங்க, உப்புத்தண்ணியில சங்கிலி சீக்கிரம் அரிச்சு போகும்.

நாலாவது, ஜெட்டியில கட்டும்போது. முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு கயிறு மட்டும் போட்டு நிறுத்திடுறாங்க, படகு முன்னும் பின்னும் ஓடி டயரை அடிச்சுட்டே கிடக்கும். மூக்குல இருந்து பின் குத்துக்காலுக்கு சாய்வா ஒண்ணு, பின்னாடி இருந்து முன் குத்துக்காலுக்கு ஒண்ணு, இந்த ரெண்டும் சேத்தா தான் படகு நிக்கும். இந்த சாய்வு கயிறுங்க நீளமா இருக்கிறதால தண்ணி ஏறி இறங்கினாலும் தொங்காது. குட்டை கயிறை இறுக்கி கட்டுறது தான் படகை தூக்குல போடுற வேலை.

அஞ்சாவது, வந்து சேர்றது. எப்பவும் ஒழுக்குக்கு எதிரா வாங்க. ஒழுக்கோட வந்தா வேகம் குறைச்சதும் சுக்கான் பேச்சை கேக்காது, எதிரா வந்தா எஞ்சின் ஓடிட்டு இருக்கும்போதே படகு அப்படியே நிக்கும். ஒழுக்கு வர்ற பக்கத்து கயிறை முதல்ல மாட்டுங்க, ரெண்டாவது கயிறும் மாட்டின பொறவு தான் எஞ்சினை நிறுத்தணும். கிளம்பும்போது தலைகீழ், ஒழுக்கு வர்ற பக்கத்து கயிறு கடைசியா அவுக்கணும். புதுசா வர்ற பசங்க கரை தொட்டதும் எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு கயிறை தேடுவாங்க, அதுக்குள்ள படகு பக்கத்து ரிசார்ட் மிதக்கும் குடிலுக்கு போயிருக்கும்.

குளவாழை பத்தி தனியா சொல்லணும். ஒரு திட்டு வந்து கட்டின படகுல மாட்டுனா பின்னாடி வர்றதெல்லாம் அதோட சேந்துக்கிட்டு, ஒழுக்கு முழுசும் உங்க கயிறு மேல தான் இழுக்கும். காலையில எழுந்ததும் முதல் வேலை ஒரு கழியை எடுத்து அதை தள்ளி விடுறது. அணை திறந்த நாள்ல ராத்திரியும் ஒருத்தர் முழிச்சிருக்கணும்.

6. ஆளு

கேரளத்துல ஸ்ராங்க் (படகை ஓட்டுறவரு), லாஸ்கர் (கயிறு, தட்டு வேலை பாக்குறவரு), டிரைவர் (எஞ்சினை பாக்குறவரு)னு தனித்தனி சர்டிபிகேட் உண்டு, உங்க படகு அளவுக்கு யாரு வேணும்னு சர்வே சர்டிபிகேட்லயே எழுதி இருக்கும். ட்ராலிங் தடைக்காலத்துல, நம்ம பக்கம் ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரைக்கும், நல்ல கடல்காரங்க வீட்டுல சும்மா இருப்பாங்க, அப்பமே பேசி பழகி சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பிக்க வைங்க. டிசம்பர்ல தேடினா மிச்சம் இருக்கிறவங்க தான் கிடைப்பாங்க. மலையாளமும் தமிழும் ரெண்டும் தெரிஞ்ச ஆளா பாருங்க, கொஞ்சம் ஹிந்தி இருந்தா கொள்ளாம்.

கடல்ல முப்பது வருஷம் இருந்தவருக்கும் சொல்லி குடுக்க வேண்டியது ஒண்ணு உண்டு: லைஃப் ஜாக்கெட். அவரு வாழ்க்கையில போட்டிருக்க மாட்டாரு. அவரு போடலன்னா சவாரிக்கு வந்தவனும் போட மாட்டான்.

7. சவாரி, ரேட்டு, கமிஷன்

நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் சபரிமலை கூட்டம் கன்னியாகுமரி திருவனந்தபுரம் ரோட்டுல ஓடும், டிசம்பர் லீவு கூட்டம் வேற, அப்பம் தான் வருமானம். ரேட்டை ஆளுக்கு இவ்வளவுன்னு வைக்காம படகுக்கு மணிக்கு இவ்வளவுன்னு வைங்க, அப்படின்னா கூடுதலா ஒரு ஆளை ஏத்த உங்களுக்கே ஆசை வராது. போர்டுல தமிழ், மலையாளம், இங்கிலீஷ்ல ரேட்டும் நேரமும் எத்தனை பேருங்கிறதும் எழுதி வைங்க.

ரோட்டுல கார் மறிச்சு ஆளை கூட்டி வர்ற புரோக்கர்கள் உண்டு. சிலர் ரேட்டுல பாதி வரைக்கும் கேப்பாங்க, குடுத்தா அந்த பாதியை ஈடு கட்ட சவாரி நேரத்தை குறைக்கணும், ஒரு மணி நேரம் சொல்லிட்டு நாப்பது நிமிஷத்துல இறக்கி விட்டா வந்தவன் இறங்கும்போதே போன்ல திட்டி எழுதிட்டு தான் போவான். என் அபிப்பிராயம், முதல் சீசன்ல வருமானம் குறைஞ்சாலும் புரோக்கர் இல்லாம ஓட்டுங்க. களியக்காவிளை, மார்த்தாண்டம் லாட்ஜ்காரங்க, டெம்போ டிராவலர் டிரைவர்கள், இவங்களோட நேரடியா பேசி ஒரு நியாயமான தொகை வச்சுக்கிட்டா அது நிக்கும்.

ஒவ்வொரு சவாரிக்கும் நோட்டுல நேரம், ஆளு எண்ணிக்கை, ஒரு போன் நம்பர் எழுதணும். ஜாக்கெட் மாட்டி கிளிப் போட்டதை பாத்த பொறவு தான் கயிறு அவுக்கணும், நடு ஆத்துல போய் குடுத்தா யாரும் போட மாட்டாங்க. குழந்தைங்க அளவு தனியா இருக்கணும், பெரிய ஜாக்கெட் சின்ன பிள்ளைக்கு தலை வழியா கழண்டு போகும். இருட்டுறதுக்கு முன்னாடி கடைசி படகு கரையில இருக்கணும்.

8. இடவப்பாதி வந்தா

ஜூன்ல மழை இறங்குறதுக்கு முன்னாடியே படகை கரை ஏத்திடுங்க. தண்ணியில விட்டுட்டு தினமும் மழைத்தண்ணி இறைக்கிறதுக்கு ஆளு போடுறதை விட இது மலிவு. எஞ்சினை கழட்டி நல்ல தண்ணியில ஓட விட்டு கழுவுங்க, உப்பு உள்ள கட்டி பிடிச்சா தண்ணி போற வழி அடையும், சீசன்லயும் தினமும் சாயங்காலம் இதை செய்யணும், கட்டி போடும்போது எஞ்சினை மேல தூக்கி வைக்கணும். அடியில உள்ள சிப்பியை ஈரம் காயுறதுக்கு முன்னாடியே சுரண்டிடுங்க, காய்ஞ்சா ஃபைபரோட மேல் பூச்சையும் சேத்து பிச்சுட்டு வரும்.

அடியில கிடக்கிற கட்டையையும் சங்கிலியையும் இதே நேரத்துல முங்கி பாக்க ஆளு விடுங்க. சங்கிலி முழுசும் தேயாது, மணல்ல கிடந்து புரளுற ஒண்ணு ரெண்டு முழம் தான் தேயும், கண்ணி பாதி கனத்துக்கு வந்துட்டா அந்த துண்டை மட்டும் மாத்துங்க, முழு சங்கிலியும் வாங்க வேண்டாம். போயாவை எடுத்து கரையில போட்டா இடம் தொலைஞ்சு போகும், அதுக்கு பதிலா ஒரு காலி கேனை கட்டி விட்டுட்டு வாங்க. கரை ஏத்தின படகை மண்ணுல நேரா வைக்காதீங்க, கீழ குறுக்கா ரெண்டு தென்னந்தடி, கிடைக்கலன்னா லாரி டயர், பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து இருக்கட்டும், அடியில உள்ள ஓட்டை மூடியை கழட்டி சாவியோட சேத்து கட்டி வைங்க.